எரித்தவருக்குக் கடன்

ஜூலை 3

தம்பிக்கு,

நேற்று வந்த உறையைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது கையெழுத்துதான். வால் நீண்டு, கீழே இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து. அரசாங்கத்தில் எத்தனையோ அதிகாரிகள் இருக்க, எங்கள் பள்ளிக்கு இல்லை என்று சொல்ல என் கூடப் பிறந்தவன்தானா கிடைத்தான்?

"இப்பள்ளியில் சேமிப்பதற்குப் போதிய மின் பயன்பாடு இல்லை. ஆகவே கடனுக்குப் பரிந்துரைக்க இயலாது." இதைத்தான் ராத்திரி போனில் கேட்டேன். நீ அலுவலகக் குரலில், "விதி அப்படித்தான்க்கா" என்றாய். வைத்துவிட்டேன். இனிமேல் உன்னோடு போனில் பேசுவதாக இல்லை. கோபம் வந்தால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. கடிதம் என்றால் நீயும் நடுவில் "அப்புறம் பேசறேன்" என்று நழுவ முடியாது.

பக்கத்துக் கிடங்குக்காரர் சுவரை எழுப்பியதிலிருந்து எங்கள் கீழ்த்தள வகுப்புகளுக்குப் பகல் என்று ஒன்று கிடையாது. ஜன்னல் வழியே கை நீட்டினால் செங்கல். ஆனாலும் பள்ளியை நடத்தும் நகராட்சியிலிருந்து மாதாமாதம், கரண்டைக் குறையுங்கள் என்று ஓலை வரும். குறைத்தேன். மழை மூட்டம் போட்டால் மட்டும் விளக்கு, மதியத்துக்கு மேல் மட்டும் ஃபேன். வாட்ச்மேனை விட்டு வகுப்பு வகுப்பாக அணைக்கச் சொன்னேன். வெளியே எனக்கு 'ஸ்விட்ச் டீச்சர்' என்று பெயர். தலைமையாசிரியை என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது.

இப்போது கேள், நகராட்சி அலுவலகத்துக்கு உங்கள் கடன் கிடைத்துவிட்டதாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏசி போட்ட அலுவலகம். ஆளில்லாத அறையிலும் விளக்கெரித்த அலுவலகம். அவர்கள் ஊதாரித்தனம் செய்ததால் குறைக்க இடமிருக்கிறது, கடன் உண்டு. நாங்கள் சிக்கனமாக இருந்ததால் குறைக்க இடமில்லை, கடன் இல்லை. எரித்தவருக்குக் கடன், அணைத்தவளுக்குக் கடிதம். நல்ல திட்டம்.

உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் ஒயரிங் பழசு. இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் மாற்றாவிட்டால் கட்டடத்தை மூடச் சொல்லி ஏற்கெனவே எச்சரிக்கை வந்தாயிற்று. மூடினால் என் பிள்ளைகள் லாரி ஓடும் சாலையைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போக வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குட்டிகளும்தான்.

அக்கா

* * *

ஜூலை 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலக முகவரிக்கு அனுப்பியிருக்கிறாய். எதிர் மேஜைக்காரர்தான் வாங்கிக் கொடுத்தார். "வீட்டு விஷயமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தயவுசெய்து அடுத்ததை வீட்டுக்கு அனுப்பு.

இது மானியம் இல்லை, கடன். பள்ளி, நூலகம், நகராட்சி மாதிரி பொது இடங்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது. அதில் புது விளக்கு, புது ஃபேன், புது ஒயரிங் போட்டுக்கொள்ளலாம். மின் கட்டணம் குறையும். குறைந்த அந்தத் தொகையிலிருந்தே தவணை கட்ட வேண்டும். உங்கள் கட்டணம் ஏற்கெனவே தரையில் கிடக்கிறது. அதற்குக் கீழே எங்கே இறக்குவது? தவணையை எதிலிருந்து கட்டுவாய்? நகராட்சி அலுவலகம் ஊதாரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஊதாரியைத் திருத்தத்தான் திட்டமே வந்தது. ஏற்கெனவே திருந்தியவர்களுக்கு என்ன செய்வதென்று யாரும் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கோப்பு என் மேஜைக்கு வந்தபோது வேறொருவருக்குத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. நானே பார்த்தேன். அக்கா என்பதால் சலுகை காட்டினான் என்று ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்பதால் மற்றவர்களைவிட இறுக்கிப் பிடித்தேன். இதில் உனக்குக் கோபம் வரும். வரட்டும். இங்கே நான் பெயர் கெடாமல் இருக்கப் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

பழுதுபார்ப்பு நிதிக்கு எழுதிப் பார். போனை எடு. உன் செய்தி தெரியாமல் அம்மா என்னைத் துளைத்தெடுக்கிறாள்.

தம்பி

* * *

ஜூலை 22

என் சட்டப்புலிக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றாகவே புரிந்தது. குறைக்க வேண்டுமானால் முதலில் இருக்க வேண்டும் என்கிறாய். சரி.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனை முடிந்ததும் எல்லா ஆசிரியர்களையும் நிற்க வைத்து, இன்றிலிருந்து பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் விளக்கும் ஃபேனும் ஓடும், பிள்ளைகள் வெளியே போனால் அணைக்கலாம் என்றேன். யாரும் நம்பவில்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. வாட்ச்மேன்தான் பாவம். காலையிலிருந்து வராண்டாவில் நடந்து கொண்டே இருந்தார், கைக்கு வேலையில்லாமல். பிறகு அவரே வந்து, "அப்ப நான் என்ன பண்ணட்டும்மா?" என்று கேட்டார். சும்மா இருங்கள் என்றேன்.

மூன்றாம் வகுப்பில் நடந்ததைச் சொன்னால்தான் உனக்கு விஷயம் புரியும். அந்த டீச்சர் வருஷக்கணக்கில் என்னிடம் ஒரே புகார். பின்வரிசையெல்லாம் காப்பியடிக்கிறார்கள், முன் பெஞ்சுப் பெண் ஒரு தப்புச் செய்தால் அதே தப்பு கடைசிப் பெஞ்சுவரை போகிறது என்று. திட்டிப் பார்த்தாள், இடம் மாற்றிப் பார்த்தாள், பெற்றோரைக் கூப்பிட்டும் பார்த்தாள். விளக்குப் போட்ட அன்று எல்லா நோட்டையும் தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தாள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு தப்பு. பிள்ளைகள் காப்பியடித்ததே இல்லையாம், அதாவது ஆசையால் அடித்ததில்லை. பலகை தெரியாததால் முன்னால் இருப்பவள் நோட்டை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவளும் பாவம், பாதியை ஊகித்து எழுதியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாகத் தப்புச் செய்கிறது. டீச்சர் சிரித்துக்கொண்டே அழுதாள்.

இத்தனை நாள் நான் சேமித்தது கரண்டை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பழைய டியூப் லைட்டுகள் வண்டு மாதிரி ரீங்காரம் போடுகின்றன. ஃபேன்கள் காற்றைவிடச் சத்தத்தை அதிகம் கொடுக்கின்றன. எல்லாம் கரண்டைக் குடிக்கும். குடிக்கட்டும். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது குறைப்பதற்கு நிறைய இருக்கும், உன் விதி மகிழும்.

அக்கா

* * *

ஜூலை 28

அக்கா,

உனக்கு என்ன பைத்தியமா?

கடன் வாங்குவதற்காகப் பயன்பாட்டை வேண்டுமென்றே ஏற்றிக் காட்டுவது மோசடி. அப்படிச் செய்தவர்களின் கோப்புகளை நானே மூடியிருக்கிறேன். நீ செய்ததோடு நில்லாமல் அதைக் கைப்பட எழுதி, கடன் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கே அனுப்பியிருக்கிறாய். யாராவது பார்த்தால் உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். படித்த உடனே கிழித்துப் போட்டுவிட்டேன். நீயும் என்னுடையதைக் கிழித்துவிடு.

பிள்ளைகள் விஷயம் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நகராட்சிச் செயலாளர் நேற்று எங்கள் பிரிவுக்கே போன் செய்துவிட்டார். பள்ளியின் மீட்டர் திடீரென்று ஏன் ஓடுகிறது, உங்கள் திட்டத்தில் யாராவது ஏதாவது சொல்லிக் கொடுத்தீர்களா என்று கேட்டாராம். எதிர் மேஜைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

விளக்கை அணை. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

* * *

ஆகஸ்ட் 8

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. உன் கடிதங்கள் என் மேஜை இழுப்பறையில், சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் இருக்கின்றன. ஒளிக்கிற மாதிரி நாம் எதுவும் செய்யவில்லை. நான் மோசடி செய்கிறேன் என்றால் வெளிச்சத்தில்தான் செய்கிறேன்.

செயலாளர் போனோடு விடவில்லை, நேரிலேயே வந்தார். வந்ததும் வராததுமாக, "யார் சொல்லி இத்தனை லைட்டு?" என்று ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்புக்கு அழைத்துப் போனேன். விளக்கை அணைத்துவிட்டு, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பலகையில் இருப்பதைப் படியுங்கள் சார் என்றேன். உட்கார மாட்டேன் என்றுவிட்டார். பெஞ்சு சின்னது என்று சாக்கு. பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டார்கள், அப்போதும் உட்காரவில்லை. போகும்போது விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுத்தார். கூடவே வாய்வார்த்தையாக ஒன்று: மின் செலவு இப்படிப் போனால் கல்வியாண்டு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாமாம், அரையாண்டிலேயே எங்களை அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாமாம்.

மெமோவுக்கு அன்றே பதில் எழுதினேன். வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆகவே விளக்கு எரிகிறது என்று. ஒரே வரி. அதையே பெரிதாக எழுதி வாசல் கேட்டிலும் மாட்டியிருக்கிறேன். சாலையில் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், படிக்கிறார்கள் இல்லையா?

உன்னை ஒன்று கேட்க வேண்டும். விண்ணப்பித்த புதிதில் உங்கள் ஆள் ஒருவர் வந்து, கையில் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சிலும் வெளிச்சத்தை அளந்தார். அன்று எல்லாம் அணைத்துத்தான் இருந்தது, நாங்கள் வாழ்ந்த வாழ்க்கை அதுதானே. அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, முகம் மட்டும் ஒரு மாதிரி ஆயிற்று. அவர் என்ன எழுதினார்? ஒரு வகுப்பறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று உங்கள் விதியில் இல்லையா? எல்லாவற்றுக்கும் விதி வைத்திருப்பீர்களே.

அக்கா

* * *

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா,

கோப்பை மறுபடி எடுத்தேன்.

அளக்க வந்த பொறியாளரின் அறிக்கை நடுவில் இருக்கிறது. நான் மின் கட்டணப் பக்கத்தைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிட்டேன், அதைத் தாண்டிப் புரட்டவே இல்லை. கீழ்த்தள வகுப்புகளில் இருக்க வேண்டிய வெளிச்சத்தில் கால்வாசிகூட இல்லை என்று எழுதியிருக்கிறார். 'இவ்வறைகளில் வாசிப்பது கண்ணுக்குத் தீங்கு' என்று தனியாக அடிக்கோடு வேறு. எனக்குப் போட்ட அடிக்கோடு மாதிரி இருந்தது.

விதியும் இருக்கிறது. பின்னிணைப்பில், யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில். ஒரு கட்டடத்தில் இருக்க வேண்டிய அளவு வெளிச்சமும் காற்றும் இல்லாவிட்டால், அவை இருந்திருந்தால் எவ்வளவு கரண்டு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, அதிலிருந்துதான் சேமிப்பைப் பார்க்க வேண்டும். அதாவது நீ எவ்வளவு எரித்தாய் என்பது கேள்வியே இல்லை. பழைய விளக்கும் பழைய ஃபேனும் வைத்துக்கொண்டு எவ்வளவு எரித்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அப்படிப் போட்டால் உன் பள்ளிக்குக் கடன் தாராளமாக வரும். தவணைக்கும் வழி இருக்கிறது, அதில் துண்டு விழும் தொகையை நகராட்சி ஒதுக்க வேண்டும் என்று அதே பத்தியில் போட்டிருக்கிறது. நீ வேண்டுமென்றே எரித்து ஏற்றவே தேவையில்லை.

இந்த விதியை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. ஏனென்றால் கரண்டைக் குறைவாகச் செலவழித்து மாட்டிக்கொண்ட பள்ளி நாடு முழுக்கத் தேடினாலும் உன்னுடையது ஒன்றுதான். இப்படி ஒரு தப்பைச் செய்ய உன்னால்தான் முடியும். அதைக் கவனிக்காமல் விட என்னால்தான் முடியும்.

சிக்கல் என்னவென்றால், நிராகரித்த கோப்பை நானே திறக்க முடியாது. திறக்க வேண்டுமானால் ஏன் தவறினேன் என்று எழுத வேண்டும். எழுதினால், சொந்த அக்காவின் கோப்பை நானே வைத்துக்கொண்டேன் என்பதும் வெளியே வரும். அது சின்ன விஷயமில்லை. இரண்டு மாதத்தில் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டும்.

கொஞ்சம் பொறு. ஏதாவது வழி பார்க்கிறேன்.

தம்பி

* * *

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

நீ ஒன்றும் செய்யாதே. மேல்முறையீட்டை நானே எழுதி அனுப்பிவிட்டேன், நீ சொன்ன விதியைக் குறிப்பிட்டு. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பல்புக்காக உன் வேலை போக வேண்டாம். உன்மேல் கோபம் இருக்கிறது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

இங்கே நடந்ததைக் கேள். வியாழக்கிழமை காலை பள்ளிக்கு வந்தால் கரண்டு இல்லை. ஃபியூஸ் என்று நினைத்தோம். வாட்ச்மேன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இணைப்பையே துண்டித்துவிட்டார்கள் என்றார். செயலாளர் உத்தரவாம். என் விளக்கம் 'திருப்திகரமாக இல்லை' என்று காரணம். அதோடு நிறுத்தினாரா? கேட்டில் மாட்டியிருந்த பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக நிற்க வைத்து, கரும்பலகையை வாட்ச்மேன் தலையில் ஏற்றி, நேரே நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தோம். அங்கே வராண்டாவில் உன் கடனில் வந்த புது விளக்குகள். அப்பா, என்ன வெளிச்சம்! கீழே விழுந்த குண்டூசியைப் பொறுக்கலாம். புகார் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் பலகையைச் சாய்த்து வைத்து வகுப்பை ஆரம்பித்துவிட்டோம். மதியத்துக்குள் மற்ற கீழ்த்தள வகுப்புகளும் வந்து சேர்ந்தன.

செயலாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், இது ஆபீஸ். பிள்ளைங்கள கூட்டிட்டுக் கிளம்புங்க."

"ஆளே இல்லாத வராண்டாவுக்கு இத்தனை லைட்டு எரியுது சார். அரசாங்கக் கடன்ல வந்த லைட்டு, வீணாப் போகுதேன்னு வந்தோம்."

போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள் என்றேன். வரி கட்ட வந்தவர்கள், பிறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளோடு சேர்ந்து வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஏசி போட்டிருந்தார், முதல் முறையாகக் கதவு சாத்தியிருந்தது. அந்த வகையில் உன் திட்டத்துக்குக் கொஞ்சம் சேமிப்பு.

இணைப்பு வரும்வரை தினமும் போவோம். பெற்றோர்கள் முறை போட்டு வந்து காவலுக்கு உட்காருகிறார்கள். எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை போனால் என்ன செய்வதென்று படுக்கையில் புரளுகிறேன். ஆனால் காலையில் அந்தப் பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் திரும்பிப் போகச் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா

* * *

செப்டம்பர் 10

அக்கா,

உன் மேல்முறையீடு என் பிரிவுக்குத்தான் வந்தது. வேறு எங்கே வரும்? எதிர் மேஜைக்காரர் படித்துவிட்டு, இந்தப் பின்னிணைப்பு விதி ஒரு தலைமையாசிரியைக்கு எப்படித் தெரிந்தது என்று சத்தமாகவே கேட்டார். பிரிவு முழுக்க நிமிர்ந்து பார்த்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், உள்ளே இருந்து யாரோ கசியவிட்டார்கள் என்று உன் மனுவையே தள்ளியிருப்பார்கள்.

எழுந்து நின்றேன். "நான்தான் சொன்னேன். அவங்க என் அக்கா. நிராகரிச்சதும் நான்தான், அது தப்பு" என்றேன். அன்று மாலையே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பொறியாளர் அறிக்கையை மேலே வைத்து, அந்தப் பக்கத்தை மடித்துக் கொடுத்தேன், இந்த முறை யாரும் புரட்டாமல் விட்டுவிடக்கூடாது என்று.

உன் கோப்பு வேறொருவருக்குப் போய்விட்டது. கண்டிப்பான அம்மாள். யாருக்கும் வளைய மாட்டார், எனக்கு அதுவே நிம்மதி. பதவி உயர்வு போயிற்று. விசாரணை முடியும்வரை பழைய ஆவணக் கிடங்கில் வேலை. அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

விசாரணையில் உன்னையும் எழுத்தில் கேட்பார்கள். எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிவிடு. அது உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. வீராப்புக் காட்டாதே. இந்த ஒரு விஷயத்திலாவது என் பேச்சைக் கேள்.

நீ வராண்டாவில் வகுப்பு எடுத்ததை இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். யாருடைய அக்கா என்று கேட்டால் இப்போது சொல்கிறேன்.

தம்பி

* * *

அக்டோபர் 21

தம்பிக்கு,

கடன் வந்துவிட்டது. உன் கண்டிப்பான அம்மாள் நேரில் வந்து, நகராட்சி வராண்டாவிலேயே பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எங்கள் கீழ்த்தளத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, பிறகு பள்ளிக்குப் போய் இருட்டில் அளந்துவிட்டுப் போனார். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. போன பிறகு ஆணை வந்தது. இணைப்பும் மறுநாளே வந்தது. விடுமுறையில் ஒயரிங் வேலை ஆரம்பம். அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கும் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. செயலாளர் என்னைப் பார்த்தால் போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொள்கிறார்.

ஆணையில் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். பள்ளி நேரத்தில் எந்த வகுப்பிலும் வெளிச்சம் நிர்ணயித்த அளவுக்குக் கீழே போகக்கூடாது, போனால் கடன் ரத்து. என்னைப் பார்த்து விளக்கை அணைக்காதே என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறது. வாட்ச்மேனிடம் படித்துக் காட்டினேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விசாரணைக் கேள்வியும் வந்தது. 'கடன் பிரிவில் பணிபுரிந்த உங்கள் சகோதரர் உங்களுக்குச் சலுகை ஏதும் காட்டினாரா?' நீ சொன்னபடி எழுதத்தான் உட்கார்ந்தேன். 'எனக்கு' என்று எழுதியும் விட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை. என்னைக் காப்பாற்ற நீ எழுந்து நின்றாய், உன்னைக் காப்பாற்ற நான் உட்கார்ந்து பொய் எழுதுவதா? அடித்துவிட்டு எழுதினதை அப்படியே தருகிறேன், பிறகு என்னைத் திட்டிக்கொள்.

'காட்டினார். என் விண்ணப்பத்தை நிராகரித்தார். அவர் அன்றே கடனைக் கொடுத்திருந்தால் நான் புது விளக்குகளை வாங்கி மாட்டி, பழைய பழக்கத்தில் அவற்றையும் அணைத்தே வைத்திருப்பேன். என் பிள்ளைகள் விலை உயர்ந்த இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் இல்லை என்று சொன்ன கோபத்தில்தான் நான் ஸ்விட்சைப் போட்டேன். இது சலுகை என்றால் சலுகைதான். தண்டனை உண்டென்றால் அதில் பாதி என்னுடையது, இந்த முகவரிக்கு அனுப்பவும்.'

கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். திரும்பி வாங்க முடியாது.

அக்கா